வடக்கு ஜன்னல் – 14: பிப்ரவரி 30

யேவ்லெ நகரத்து வைக்கோல் ஆட்டைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆடு இன்னும் ஒரு வாரம் நிற்கட்டும். நாளை காலைக்குள் பிரதி ஆசிரியர் கைக்குப் போயாக வேண்டும். என் மேசையையோ நாலு நாளாக ஒரு தேதி பிடித்து வைத்திருக்கிறது. அதை இறக்கி வைக்காமல் வேறு எதையும் தொட என்னால் முடியவில்லை.

ஆகஸ்டில் நானும் என் கணவரும் சுவீடனின் உப்சாலாவுக்கு வந்தோம், நவம்பரில் இருட்டு வந்தது. மற்றதெல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு நாள்காட்டிகள் தொங்கின. ஒன்று மன்னார்குடிப் பாத்திரக்கடையில் இலவசமாகக் கொடுத்த தினசரி காலண்டர், தாள் கிழிக்கிறது. புளிக்கும் அப்பளத்துக்கும் நடுவில் வைத்து அம்மா பெட்டியில் கட்டிவிட்டிருந்தாள். மற்றது சுவீடன் நாள்காட்டி. அதில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். அந்தப் பெயர் வைத்திருக்கிறவர்களுக்கு அன்று வாழ்த்துச் சொல்வார்கள். இந்த இரண்டாவது நாள்காட்டியில்தான் என் கணவர் பென்சிலால் சூரியன் மறைகிற நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தார். டிசம்பர் முதல் தேதி, மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மறைந்துவிட்டது. பிறகு தினமும் ஒரு நிமிடம், அரை நிமிடம் என்று குறைந்துகொண்டே வந்தது. மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே நீலம் கறுத்துவிடும்.

பக்கத்திலேயே மன்னார்குடித் தாளோ தினமும் காலை ஆறு மணிச் சொச்சத்துக்கு எங்களுக்குச் சூரிய உதயம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தாளை ஒரு நாள்கூடக் கிழிக்காமல் விட்டதில்லை. ஊரில் இப்போது என்ன நாள், என்ன நட்சத்திரம் என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் கிழித்தேன். பிறகு அது வேறொரு வேலையும் செய்தது. உலகத்தில் எங்கோ ஆறு மணிக்கு விடிகிறது என்பதை அச்சில் பார்க்க வேண்டியிருந்தது.

2024 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. சுவீடன் நாள்காட்டியில் அன்றைய பெயர் லூசியா. மன்னார்குடித் தாளில் கார்த்திகை 28, திருக்கார்த்திகை தீபம். இரண்டும் ஒரே நாளில் வந்திருப்பதை முதல் நாள் இரவு அவர்தான் கவனித்தார். "இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்த்திகை தீபம் நட்சத்திரத்தையும் பௌர்ணமியையும் ஒட்டி வருவது, ஆண்டுக்கு ஆண்டு நகரும். லூசியா அசையாத தேதி. இரண்டு விளக்குத் திருநாளும் எங்கள் முதல் குளிர்காலத்தில் ஒரே தாளில் வந்து உட்கார்ந்தன.

காலை ஏழரைக்குத் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கீழ்வீட்டுப் பாட்டி, தன் பேத்தி லூசியா ஊர்வலத்தில் வருகிறாள் என்று எங்களையும் அழைத்திருந்தார். (பாட்டி என்று நான் எழுத்தில்தான் சொல்கிறேன். நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 1960-களின் கடைசியில் இந்த நாடு மரியாதைப் பன்மையைக் கைவிட்டு எல்லோரையும் 'நீ' என்று அழைக்கத் தொடங்கியது. எழுபத்தெட்டு வயதுப் பெண்மணியைப் பெயர் சொல்லி அழைக்க என் நாக்குக்கு மூன்று மாதம் ஆயிற்று.) உடற்பயிற்சிக் கூடத்தில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே விடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

முதலில் பாட்டுத்தான் வந்தது. கதவுக்கு அப்பால் எங்கோ தொடங்கி மெதுவாக நெருங்கியது. பிறகு ஒரு பெண் குழந்தை வந்தாள். தலையில் மெழுகுவத்திக் கிரீடம், வெள்ளை நீள அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டை. பின்னால் கையில் ஒவ்வொரு விளக்கோடு மற்றப் பெண்கள். கூம்புத் தொப்பியும் நட்சத்திரக் கோலுமாகப் பையன்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. அந்த வெளிச்சம் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்ந்து போவதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த காட்சி இது. விடியுமுன், குளிரில், பெண் பிள்ளைகள் கூட்டமாகப் பாடிக்கொண்டு வந்து தூங்குகிறவர்களை எழுப்புவது. ஆண்டாளின் பாவை நோன்புக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. சிராகூஸ் ஊர்த் தியாகி லூசியா வேறு, கோதை வேறு. ஆனால் வருடத்தின் இருண்ட பகுதியில், விடிகாலையில், பெண் குழந்தைகளின் குரலால் ஊரை எழுப்ப வேண்டும் என்று இரண்டு இடத்திலும் மனிதர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மார்கழி பிறக்க மூன்று நாள்தான் பாக்கி.

வெள்ளை உடுத்திய லூசியாவைப் பற்றி சுவீடனில் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று 1764-ம் ஆண்டினது. மேற்குப் பகுதியில் ஒரு பண்ணை மாளிகையில் நடந்தது. அதற்கு முன்னால் இந்த இரவு கிராமத்தார் பயந்த இரவு. லுஸ்ஸி என்ற துஷ்ட சக்தி காற்றில் அலையும், தொழுவத்து மாடுகள் பேசும், ஒருவரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்பார்கள்.

பாட்டு முடிந்ததும் காபியும் குங்குமப்பூ ரொட்டியும். ரொட்டிக்குப் பெயர் லுஸ்ஸெகாட், அதாவது லூசியாப் பூனை. 'S' எழுத்துப் போல இரண்டு பக்கமும் சுருட்டி, சுருளுக்குள் ஒவ்வொரு உலர்ந்த திராட்சையைப் பதித்து வைத்திருப்பார்கள். குங்குமப்பூவை இங்கே அரை கிராம் பொட்டலமாகக் கடையில் பணம் கட்டும் இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் பாலில் இரண்டு இழை போடுவதோடு சரி. இங்கே டிசம்பரில் தெருவே மஞ்சளாக மணக்கிறது.

அங்கே வைத்துத்தான் பாட்டி அந்த வாக்கியத்தைச் சொன்னார். "முன்னெல்லாம் இதுதான் வருடத்திலேயே நீளமான இரவு."

என் கணவர் உடனே மறுத்தார். மரியாதையாகத்தான். தன் பென்சில் கணக்கு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, நீண்ட இரவு 21-ம் தேதிதானே என்றார். பாட்டி தலையை ஆட்டினார். "இரவு நகரவில்லை. தேதி நகர்ந்துவிட்டது."

இந்த ஒரு வாக்கியம்தான் இந்த வாரத்தை முழுக்க விழுங்கியது.

ஜூலியஸ் சீசர் வகுத்த நாள்காட்டி வருடத்தை 365¼ நாள் என்று கொண்டது. உண்மையான பருவ வருடம் அதைவிடப் பதினோரு நிமிடம் குறைவு. பதினோரு நிமிடம் சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய 128 வருடத்தில் ஒரு நாளாகிவிடும். இப்படித் தேதி பின்தங்கிப் பின்தங்கி, பதினான்காம் நூற்றாண்டில் குளிர்காலத்தின் நீண்ட இரவு டிசம்பர் 13-ல் வந்து நின்றது. வட நாட்டு மக்கள் அந்த இரவுக்கு லூசியாவின் பெயரைப் போட்டு இறுக்கி முடிந்துவிட்டார்கள். 1582-ல் போப் கிரிகோரி பத்து நாளை வெட்டி நாள்காட்டியைச் சரிசெய்தார். புராட்டஸ்டண்ட் சுவீடன் அதை ஏற்கவில்லை. ஏற்றபோதோ, உலகத்தில் வேறு எவரும் செய்யாத ஒன்றைச் செய்தது.

இனிமேல்தான் என் நாலு நாளைத் தின்ற தேதி வருகிறது.

ஒரே அடியாகப் பதினோரு நாளை வெட்டினால் மக்கள் கலங்குவார்கள் என்று 1699-ல் சுவீடன் அரசு நினைத்தது. அதனால் மென்மையான வழி ஒன்று கண்டுபிடித்தது. 1700 முதல் 1740 வரை வருகிற லீப் வருடங்கள் பதினொன்றிலும் பிப்ரவரி 29-ஐ விட்டுவிடுவது. நாற்பது வருடத்தில், யாருக்கும் வலிக்காமல், ஒவ்வொரு நாளாகக் கழிந்துவிடும். யோசனையாகப் பார்த்தால் எவ்வளவு கருணையான யோசனை! 1700-ல் முதல் நாளைக் கழித்தார்கள். அதே வருடம் பெரும் வடக்குப் போர் மூண்டது. பன்னிரண்டாம் கார்ல் மன்னர் படையோடு புறப்பட்டுப் போனார். போரின் நடுவில் 1704 வந்தது. கழிக்க மறந்துவிட்டார்கள், பிப்ரவரி 29 வந்துபோனது. 1708 வந்தது, அப்போதும் மறந்துவிட்டார்கள். விளைவாக சுவீடன், அப்போது அதன் பகுதியாக இருந்த பின்லாந்தையும் சேர்த்து, பழைய கணக்கிலிருந்து ஒரு நாள் முன்னும் புதிய கணக்கிலிருந்து பத்து நாள் பின்னுமாக, எந்த நாட்டோடும் ஒட்டாத ஒரு தேதியில் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தது. ரஷ்யாவில் ஒரு தேதி, ஜெர்மனியில் ஒரு தேதி, சுவீடனில் தனியாக ஒரு தேதி.

கடைசியில் மன்னரே இந்தத் திட்டத்தைக் கைவிட உத்தரவிட்டார். 1711-ல், தோற்று ஒதுங்கி உதுமானியர் ஆட்சிப் பகுதியில் பெண்டர் என்ற ஊரில் அவர் தங்கியிருந்த காலம் அது. பழைய ஜூலியன் கணக்குக்கே திரும்ப வேண்டும். திரும்ப வேண்டுமானால் 1700-ல் கழித்த அந்த ஒரு நாளை எங்காவது திருப்பி வைக்க வேண்டும். 1712 ஏற்கெனவே லீப் வருடம், பிப்ரவரி 29 உண்டு. அதற்குப் பின்னால் இன்னொரு நாளைச் சேர்த்தார்கள்.

பிப்ரவரி 30, 1712.

அன்று காலையில் இந்த உப்சாலாவில், எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற இதே ஃபீரிஸ் ஆற்றங்கரையில், ஆட்கள் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருப்பார்கள், பால் கறந்திருப்பார்கள். ஏதாவது ஒரு வீட்டில் அன்று ஒரு குழந்தை பிறந்திருக்கும். அதற்குப் பிறந்தநாள் என்று ஒன்று வாழ்நாளில் திரும்பி வரவே இல்லை. அந்தத் தாயை நினைத்துக்கொண்டே இரண்டு இரவு படுத்திருந்தேன். முதல் ஆண்டு நிறைவை அவள் எந்த நாளில் கொண்டாடியிருப்பாள்? பிப்ரவரி 28-லா, மார்ச் 1-லா? நம் வீடுகளானால் நட்சத்திரம் பார்த்து வைத்துவிடுவார்கள், தேதி போனால் போகட்டும் என்று. தேதியை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாட்டில் அந்தக் குழந்தைக்கு யார் நாள் குறித்திருப்பார்கள்?

கடைசியில் 1753-ல், முதலிலேயே செய்ய அஞ்சியதை சுவீடன் ஒரே அடியாகச் செய்தது. பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1. பதினோரு நாள் போயிற்று. லூசியா மட்டும் டிசம்பர் 13-ஐ விட்டு அசையவில்லை. வானத்தில் நீண்ட இரவு 21-ம் தேதிக்குப் போய்விட்டது. (அந்த நாளுக்கு சுவீடன் நாள்காட்டியில் உள்ள பெயர் தோமஸ். நம் சாந்தோம் தோமையாரேதான்.) விளக்கும் பாட்டும் பழைய தேதியிலேயே தங்கிவிட்டன.

இதைப் படித்த கையோடு நம் கரையில் என்ன நடந்தது என்று தேடிப் போனேன். ஆங்கிலேயர் 1752 வரை பழைய கணக்கில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 1582-லிருந்தே புதிய கணக்கில். அப்படியானால் ஜார்ஜ் கோட்டைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பதினோரு நாள் இடைவெளி! 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்களே, அந்தச் சரணாகதி தோற்றவர்கள் கணக்கில் செப்டம்பர் 10, வென்றவர்கள் கணக்கில் செப்டம்பர் 21. ஒரே கோட்டை வாசல், ஒரே வெயில், இரண்டு தேதி. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவர் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருடம், மாதம், தேதியையும் சேர்த்தே எழுதினார். சின்ன வயதில் அந்த நாட்குறிப்பைப் புரட்டியபோது அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். இப்போது தெரிகிறது, இரண்டு வெள்ளைக்காரத் தேதிகளுக்கு நடுவில் அசையாமல் நின்ற தேதி தமிழ்த் தேதிதான்.

அசையாமல் நின்றது என்றா சொன்னேன்? அதுவும் நகர்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

தை முதல் நாள் உத்தராயணம் என்கிறோம். சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிற நாள். ஆனால் சூரியன் உண்மையில் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. தை பிறப்பது ஜனவரி 14 வாக்கில். நடுவில் இருபத்துமூன்று, இருபத்துநாலு நாள். காரணம், நம் மாதங்கள் பருவத்தை வைத்து எண்ணப்படுவதில்லை, விண்மீன்களை வைத்து எண்ணப்படுகின்றன. பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தள்ளாடுவதால் விண்மீன் வருடமும் பருவ வருடமும் ஏறக்குறைய 72 வருடத்துக்கு ஒரு நாள் விலகுகின்றன. சுமார் ஆயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன் தை முதல் நாளும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாகவே இருந்தன. அந்த ஒற்றுமையை நாம் பொங்கல் பானையில் கட்டி வைத்துவிட்டோம். மேகநாத் சாகா தலைமையில் 1952-ல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு இந்த விலகலை விளக்கமாகவே எழுதியது. 1957 மார்ச் 22 முதல் பருவத்தோடு ஒட்டிய தேசிய நாள்காட்டியும் நடைமுறைக்கு வந்தது. அரசு இதழில் அது இருக்கிறது. பொங்கல் ஜனவரி நடுவிலேயே இருக்கிறது.

ஆக, உண்மையான நீண்ட இரவு நடுவில் நிற்கிறது. அதற்கு எட்டு நாள் முன்னால் லூசியா, மூன்று வாரத்துக்குச் சற்று மேல் பின்னால் பொங்கல். இரண்டும் ஒரே இரவை நினைத்துக்கொண்டு ஏற்றிய நெருப்பு. ஒன்று முன்னால் தங்கிவிட்டது, ஒன்று பின்னால் நகர்ந்துவிட்டது. எங்கள் சமையலறைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இரண்டு தாள்களும் இவ்வளவு நாளாக ஒரே இரவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. இதைக் கண்டுகொண்ட இரவில் அவரை எழுப்பிச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து முழுதும் கேட்டார். பிறகு, "என் பென்சில் கணக்கை ஒரு தரம் பார்த்துடலாம்" என்று சமையலறைக்குப் போனார்.

பென்சில் கணக்கிலும் ஒன்று கிடைத்தது. சூரியன் மிகச் சீக்கிரமாக மறைகிற நாள் 21 அல்ல. அதற்கு நாலைந்து நாள் முன்பே அது வந்துபோய்விடுகிறது. டிசம்பரில் நண்பகல் தினமும் கிட்டத்தட்ட அரை நிமிடம் தள்ளிப்போகிறது. அதனால் மாலை முன்னதாகவே நீளத் தொடங்கிவிடும், காலைதான் கிறிஸ்துமஸ் தாண்டியும் தாமதித்துக்கொண்டிருக்கும். (சென்னையில் இதே கணக்கில் மிகச் சீக்கிரம் இருட்டுவது நவம்பர் கடைசியில்.) ஆக, கடிகாரம் பார்த்து மாலையை மட்டும் எண்ணுகிற ஒருவருக்கு லூசியா நாள் இன்றைக்கும் ஏறக்குறைய சரியான நாள்தான். பாட்டியிடம் போய்ச் சொன்னோம். கையைத் தட்டிச் சிரித்தார்.

லூசியா அன்று மாலைக்குத் திரும்புகிறேன். மாலை என்கிறேன், மணி பகல் ஒன்றரை. திருவண்ணாமலையில் அப்போது ஆறு மணி. ஃபெங்கல் புயல் மழையில் மலைச்சரிவு மண் சரிந்து ஏழு பேர் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு பக்தர்களை மலையேற விடவில்லை. கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து நேரலையைப் பார்த்தோம். மலையுச்சியில் தீபம் எரிந்தது. எங்கள் ஜன்னலில் இன்னும் சூரியன் இருந்தது; கூரைகளுக்கு ஒரு சாண் மேலே, பழுத்த எலுமிச்சை போல. திருவண்ணாமலைக்கு இரவு, எங்களுக்குப் பகல். இவ்வளவு நாளில் எங்களிடம் வெளிச்சம் இருந்து ஊரில் இல்லாமல் போன நேரம் அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போது பட்டது.

ஒரு மணி நேரம் கழித்து இங்கும் மறைந்தது. இரண்டே முக்காலுக்கு இன்னும் இரண்டு நிமிடம். பெட்டியில் வந்த பன்னிரண்டு அகல்களையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் ஏற்கெனவே ஏழு விளக்குத் தண்டு நின்றது. முக்கோணமாக ஏறி இறங்கும் அந்த மின்விளக்கைத்தான் டிசம்பர் முழுக்க எல்லா வீட்டு ஜன்னலிலும் பார்ப்பீர்கள். 1930-களில் யோத்தெபோரியில் பிலிப்ஸ் கிடங்கில் வேலை பார்த்த ஆஸ்கர் ஆண்டர்சன் என்பவர் வீணான கிறிஸ்துமஸ் மர விளக்குகளை வைத்துச் செய்தது அதன் முதல் வடிவம். இங்கே விளக்கை அறைக்கு வைப்பதில்லை, தெருவுக்கு வைக்கிறார்கள். திரை போடமாட்டார்கள். நடந்து போகிறவனுக்கு வழியெல்லாம் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார் என்று தெரிய வேண்டும். வாசல் திண்ணையில் மாடம் வைத்து விளக்கேற்றிய வீட்டில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணெய் வாசனை படிக்கட்டு வரை போயிருக்க வேண்டும். மாடியிலிருந்து இறங்கி வந்த மாணவி ஒருத்தி கதவைத் தட்டி, எங்கள் ஜன்னலைத் தெருவிலிருந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அம்மா கூப்பிட்டாள். "ஏண்டி, ராகு காலம் பாத்துத்தானே ஏத்தின?"

ராகு காலத்தைப் பற்றி அன்றுதான் சரியாகத் தெரிந்துகொண்டேன். உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கு. வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு. பகல் பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒன்றரை மணி, பத்தரை முதல் பன்னிரண்டு. உப்சாலாவில் அன்று பகல் ஆறு மணி நேரம். அப்படியானால் ஒரு பங்கு முக்கால் மணிதான். பதினொன்றுக்குச் சற்று முன் தொடங்கி பதினொன்றே முக்காலுக்குள் முடிந்துவிடும். ஜூன் மாதம் அதே ராகு காலம் இரண்டேகால் மணிக்கு மேல் நீளும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப உங்களுக்குக் கெட்ட நேரம் பாதிதான்னு சொல்லு" என்றாள். அவள் குரல் தெளிந்ததைக் கேட்டு ஒரு மாதமாயிற்று.

கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்ல வந்து இடமெல்லாம் தீர்ந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே 25-ம் தேதி பெரிய நாள் இல்லை, 24 மாலைதான். ஊர் அடங்கிவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து டொனால்ட் டக் பார்க்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே படத் துண்டுகள், அதே நேரம். பாட்டி வீட்டில் மூன்று தலைமுறை, நடுவில் நாங்கள் இருவர். வசனத்தை எல்லோரும் முன்கூட்டியே சொன்னார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது சிவராத்திரிக் கண்விழிப்பில் எங்கள் தெருவே சேர்ந்து பார்த்த 'திருவிளையாடல்'. அங்கேயும் வசனம் திரையில் வருவதற்கு முன் வாசலில் வந்துவிடும்.

மேசையில் எங்களால் சாப்பிட முடியாதவை நிறைய. கடைசியில் ஒரு மண் சட்டி வந்தது. பாலில் குழைய வேகவைத்த அரிசி, மேலே பட்டைத்தூள். அதற்குள் ஒரே ஒரு பாதாம் பருப்பை மறைத்து வைப்பார்கள். அது யார் தட்டில் விழுகிறதோ அவருக்கு வருகிற வருடம் கல்யாணம். ஒரு கிண்ணத்தில் எடுத்து, வெண்ணெய் ஒரு கட்டி வைத்து, வீட்டைக் காக்கிற டோம்தெ என்ற குட்டிக் கிழவருக்கென்று வாசலில் வைத்தார்கள். பால் பொங்கல், ஏலக்காய் மட்டும் இல்லை. ஏலக்காய் இவர்கள் ரொட்டியில் போய்விட்டது. அவ்வளவு ஏலக்காயை ரொட்டியில் போடுகிற ஊரை நான் பார்த்ததில்லை. அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். பாதாம் என் கணவர் தட்டில் விழுந்தது. பாட்டி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது நான்கு வருடம்.

மன்னார்குடி நாள்காட்டி டிசம்பர் 31-ல் கடைசித் தாளும் போய் வெறும் அட்டையானது. அட்டையைக் கழற்றவில்லை. புதியதை அம்மா கூரியரில் அனுப்பியிருந்தாள், ஆனால் அது வந்து சேர்ந்தது ஜனவரி கடைசியில். அதனால் பொங்கல் எங்களுக்குத் தாள் இல்லாத பொங்கல். "சூரியனே வராத ஊர்ல எப்படிடி பொங்கல் வைப்ப?" என்று கேட்டாள். வருகிறது அம்மா, எட்டரைக்கு மேல் வருகிறது என்றேன்.

அதற்கு முதல் நாள், ஜனவரி 13. சுவீடன் நாள்காட்டியில் அன்றைய பெயர் க்னூட். கிறிஸ்துமஸ் தொடங்கி இருபதாம் நாள், அதோடு பண்டிகை முடிகிறது. மரத்திலிருந்து அலங்காரத்தைக் கழற்றி, காய்ந்த மரத்தை வீட்டை விட்டு வெளியே தள்ள வேண்டும். படிக்கட்டில் இழுபடும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தோம். பாட்டி தன் உயரத்துக்கு மேல் இருந்த ஊசியிலை மரத்தை அடிப்பக்கம் பிடித்து ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு வந்தார். படியெல்லாம் பச்சை ஊசிகள். என் கணவர் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தார். முற்றத்தில் ஏற்கெனவே ஏழெட்டு மரங்கள் குவிந்து கிடந்தன. குளிரில் அதன் பிசின் வாசனை கனமாக நின்றது.

"இன்னைக்கு எங்க ஊர்லயும் பழசை வெளியே போடற நாள்" என்றேன். போகி என்று பெயர் சொன்னேன். பாட்டி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எரிப்பீர்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன். மேலே போய் மன்னார்குடி நாள்காட்டியின் வெறும் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பாத்திரக்கடைப் பெயருக்கு மேல் முருகன் படம் இருந்தது. அதை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மீதியை மரக்குவியலின்மேல் வைத்தேன். பாட்டி தன் பழைய நாள்காட்டியை எடுத்து வரத் திரும்பி நடந்தார். பென்சில் குறிப்பு எழுதிய எங்கள் சுவீடன் நாள்காட்டியைப் போடலாமா என்று என் கணவரைக் கேட்டேன். வேண்டாம் என்றார். அது இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

(அடுத்த வாரம் யேவ்லெ ஆடு. 1966-லிருந்து வருடா வருடம் கட்டப்படும் பதின்மூன்று மீட்டர் உயர வைக்கோல் ஆடு அது. தீ வைத்தவர்கள் பலர். 2023-ல் மட்டும் கதை வேறு. அந்த வருட வைக்கோலில் தானியம் நிறைய மிச்சமிருந்தது. காக்கைக் கூட்டம் ஒன்று வந்து ஆட்டைக் கொத்தித் தின்றது.)